யார் இந்த ஜோசஃப் பிலாட்டீஸ்? கர்ப்பிணிகள் செய்யும் பயிற்சிக்குப் பின்னால் ஒரு குத்துச்சண்டைக்காரர்!

இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போனால் எப்படியும் இது ஒருமுறை கண்ணில் பட்டிருக்கும். ஏழெட்டு மாத வயிற்றோடு ஒரு பெண். கட்டில் மாதிரி ஒரு சட்டம், அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் ஒரு பலகை, பலகையை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். நிதானமாகக் காலை நீட்டி மடக்குகிறார். கீழே ‘ப்ரீநேட்டல் பிலாட்டீஸ்’ என்று கேப்ஷன். கமென்ட்டில் பாதிப் பேர் ஹார்ட் விட்டிருப்பார்கள். மீதிப் பேர், வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இதெல்லாம் தேவையா என்று கேட்டிருப்பார்கள்.

பிலாட்டீஸ் என்பது ஏதோ உடற்பயிற்சி டெக்னிக்கின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். ஜோசஃப் ஹூபர்ட்டஸ் பிலாட்டீஸ். ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தில் கைதியாகி, நியூயார்க்கில் வாழ்ந்து மறைந்தவர். குத்துச்சண்டை போட்டவர், சர்க்கஸில் வித்தை காட்டியவர். இந்தப் பயிற்சியை அவர் கர்ப்பிணிகளுக்காக உருவாக்கவே இல்லை. இன்னும் சொல்லப்போனால், அவர் புத்தகத்தில் இருக்கும் பயிற்சிகளில் பலவற்றைக் கர்ப்பிணிகள் அப்படியே செய்யவும் கூடாது.

அப்புறம் எப்படி இன்று மகப்பேறு மருத்துவர்களே, ஆரோக்கியமான கர்ப்பம்தான், தாராளமாகச் செய்யுங்கள் என்று சொல்லும் பயிற்சிகளில் ஒன்றாக இது மாறியது? அதற்கு அவர் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

நோஞ்சான் பிள்ளை

1883 டிசம்பர் 9. ஜெர்மனியின் மோன்சென்கிளாட்பாக் நகரில் பிறந்தார் ஜோசஃப். அப்பா உலோகத் தொழிலாளி, ஜிம்னாஸ்டிக்ஸில் ஆர்வம் உள்ளவர். பிள்ளைக்கோ ஆஸ்துமா, எலும்புகளை வலுவிழக்கச் செய்யும் ரிக்கெட்ஸ், போதாததற்கு வாதக் காய்ச்சல். குடும்பப் பெயரை வைத்து, இயேசுவுக்குத் தண்டனை கொடுத்த பிலாத்துவோடு இணைத்து மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

வீட்டில் சும்மா படுத்துக் கிடக்காமல், உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தார். ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை, பாடி பில்டிங் என ஒன்று விடாமல் பழகினார். இளைஞனாவதற்குள் உடற்கூறு விளக்கப் படங்களுக்கு மாடலாக நிற்கிற அளவுக்கு உடம்பு திரண்டுவிட்டது என்பார்கள். தன் உடம்பைத் தானே சரிசெய்துகொண்டவர் என்ற நம்பிக்கை அவருக்குக் கடைசி வரை இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்றும் சொல்லலாம். டாக்டர்கள் தன் முறையைக் கண்டுகொள்ளவில்லை என்ற கோபம் அவரைவிட்டுப் போகவே இல்லை.

முள்வேலிக்குள் பிறந்த ஐடியா

1912 வாக்கில் இங்கிலாந்து போனார். குத்துச்சண்டை, சர்க்கஸ், தற்காப்புக் கலை வகுப்பு என்று கிடைத்த வேலையைச் செய்தார். 1914-ல் முதல் உலகப் போர் வெடித்ததும் நிலைமை தலைகீழானது. ஜெர்மன் குடிமகன் என்றால் எதிரி நாட்டவர். பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். முதலில் லங்காஸ்டர் முகாம். 1915-ல் ஐல் ஆஃப் மேன் தீவில் இருந்த நாக்கலோ முகாமுக்கு மாற்றம்.

நாக்கலோ சாதாரண முகாம் அல்ல. 20,000-க்கும் அதிகமானவர்கள் மரக் குடிசைகளில் அடைக்கப்பட்டிருந்த, கிட்டத்தட்ட ஒரு ஊர். குற்றம் எதுவும் செய்யாத ஆண்கள், எப்போது வெளியே விடுவார்கள் என்று தெரியாமல் வருடக்கணக்கில் கிடந்தார்கள். அந்தச் சும்மா இருத்தலே பலருக்கு மனநோயாக மாறியது. அங்கேதான் ஜோசஃப் தன் சக கைதிகளுக்குத் தரையில் படுத்தபடி செய்யும் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். இடம் தேவையில்லை, கருவி தேவையில்லை, ஒரு பாய் விரிக்கும் அளவு தரை போதும். இன்று ‘மேட் பிலாட்டீஸ்’ என்று நாம் சொல்வதன் தொடக்கம் இது.

இந்த முகாமைச் சுற்றி இரண்டு கதைகள் இணையம் முழுக்கச் சுற்றுகின்றன. 1918 இன்ஃப்ளூயன்ஸா பரவியபோது அவரிடம் பயிற்சி எடுத்த ஒருவர்கூட இறக்கவில்லை என்பது ஒன்று. இதற்கு ஆதாரம் கிடையாது. விளம்பரக் கதை என்று ஒதுக்கிவிடலாம். படுக்கையைவிட்டு எழ முடியாத நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங்குகளை மாட்டி, படுத்தபடியே கை காலை இழுத்துப் பயிற்சி செய்ய வைத்தார் என்பது இன்னொன்று. இதிலும் கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனா, பின்னாளில் அவர் செய்த கருவிகளைப் பார்த்தால் முழுக்கத் தள்ளவும் முடியவில்லை. ‘கேடிலாக்’ என்று அழைக்கப்படும் கருவி, நான்கு பக்கமும் கம்பி நட்டு ஸ்பிரிங் தொங்கவிட்ட ஆஸ்பத்திரிக் கட்டிலேதான்.

இந்த ஸ்பிரிங்தான் முக்கியம். ஜிம்மில் டம்பெல் தூக்கினால் எடையைத் தாங்குவது முழுக்க உங்கள் வேலை. கை நழுவினால் மேலே விழும். ஸ்பிரிங் அப்படி இல்லை. இழுக்கும்போது எதிர்க்கும், விடும்போது தாங்கும். இரண்டு ஸ்பிரிங்கை ஒன்றாகக் குறைத்தால் பலம் இல்லாதவரும் செய்யலாம். உடம்பின் எடை மூட்டில் இறங்காமல் தசைக்கு மட்டும் வேலை கொடுக்கலாம். முதுகு வலியோடும் வீங்கிய காலோடும் இருக்கும் ஒரு கர்ப்பிணிக்கு இந்தக் கருவி ஏன் ஒத்துப்போகிறது என்பதற்கான பதில் கிட்டத்தட்ட இங்கேயே இருக்கிறது. ஜோசஃபுக்கு மட்டும் அது அப்போது தெரியாது.

எட்டாவது அவென்யூவில் ஒரு மாடி

1919-ல் விடுதலையாகி ஜெர்மனி திரும்பினார். அங்கே சில வருடங்கள்தான். 1926-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அந்தக் கடல் பயணத்தில் சந்தித்தவர்தான் கிளாரா. அதன் பிறகு கடைசி வரை இருவரும் சேர்ந்தே வாழ்ந்தார்கள், சேர்ந்தே வேலை செய்தார்கள்.

நியூயார்க்கில் 939, எட்டாவது அவென்யூ என்ற முகவரியில் ஸ்டுடியோ திறந்தார்கள். பலகை ஓடும் அந்தக் கட்டில்தான் ‘ரீஃபார்மர்’. அப்படியான கருவி ஒன்றுக்கு 1927-ல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் பிலாட்டீஸ் அல்ல, ‘கன்ட்ராலஜி’. அதாவது, தசைகளை மனதால் கட்டுப்படுத்தும் கலை. அந்தப் பெயர் ஒட்டவில்லை. வந்தவர்கள் எல்லாம் பிலாட்டீஸிடம் போகிறோம் என்று சொல்லிச் சொல்லியே ஆளின் பெயர் பயிற்சியின் பெயராகிவிட்டது.

ஸ்டுடியோவைச் சுற்றி நடனப் பள்ளிகள். முழங்கால் போனவர்கள், இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், முதுகு வலியால் மேடை ஏற முடியாதவர்கள் என்று டான்ஸர்கள் வர ஆரம்பித்தார்கள். பாலே உலகின் ஜாம்பவான் ஜார்ஜ் பாலன்சைன், நவீன நடனத்தின் மார்த்தா கிரஹாம் போன்றவர்கள் தங்கள் ஆட்களை இவரிடம் அனுப்பினார்கள். 1939 முதல் சில வருடங்கள் கோடைக்காலத்தில் மாசசூசெட்ஸில் உள்ள ஜேக்கப்ஸ் பில்லோ நடன முகாமிலும் போய்ச் சொல்லிக்கொடுத்தார். போர்க்கைதிகளான ஆண்களுக்காகத் தொடங்கிய ஒரு பயிற்சி, நடனக் கலைஞர்கள் வழியாகப் பெண்களின் பயிற்சியாக மாறியது இப்படித்தான்.

ஆள் எப்படி என்றால், கறார். பனி கொட்டும் குளிரில் வெறும் ஷார்ட்ஸோடு நிற்பார். சுருட்டு பிடிப்பார். சொன்னபடி செய்யாதவர்களிடம் எரிந்து விழுவார்.

கிளாரா நேர் எதிர். மென்மையானவர். அடிபட்டவர்கள், வயதானவர்கள், பயந்தபடி வருபவர்கள் எல்லாம் மெல்ல கிளாரா பக்கம்தான் நகர்வார்கள். எதிரே இருக்கும் உடம்பால் என்ன முடியும் என்று பார்த்து, அதற்குத் தகுந்தாற்போல் பயிற்சியை மாற்றிக் கொடுப்பதில் கிளாரா கெட்டிக்காரர் என்று அவர்களின் மாணவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் பயின்ற ஈவ் ஜென்ட்ரி என்ற நடனக் கலைஞர், மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு இழந்த கையசைவை இந்தப் பயிற்சியால் மீட்டார். பலகையில் எழுதப்படும் பெயர் ஜோசஃபுடையது. கர்ப்பிணிகளுக்கான இன்றைய வகுப்புகளில் நடப்பதோ பெரும்பாலும் கிளாராவின் வேலை என்று சொன்னால் தப்பில்லை.

34 பயிற்சிகள், ஒரு சிக்கல்

1945-ல் ‘ரிட்டர்ன் டு லைஃப் த்ரூ கன்ட்ராலஜி’ என்ற புத்தகம் வந்தது. மொத்தம் 34 தரைப் பயிற்சிகள். சுமார் 60 வயதில் இருந்த ஜோசஃபே செய்துகாட்டும் புகைப்படங்கள். இன்றும் பிலாட்டீஸ் டீச்சர்களுக்கு அதுதான் பால பாடம்.

முதல் பயிற்சியின் பெயர் ‘ஹண்ட்ரட்’. மல்லாந்து படுத்து, தலையையும் கால்களையும் தூக்கி, கைகளை மேலும் கீழும் 100 முறை அடிக்க வேண்டும். அடுத்தடுத்து மல்லாந்த நிலையிலிருந்து எழுவது, முதுகால் பந்துபோல உருள்வது, தோள்பட்டையில் உடம்பு முழுவதையும் தாங்கிக் காலை வானத்துக்குத் தூக்குவது, குப்புறப் படுத்து அன்னம்போல் முன்னும் பின்னும் ஆடுவது என்று போகும்.

ஏழு மாதக் கர்ப்பிணியை மனதில் வைத்து இந்தப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். எவ்வளவு மிஞ்சும்?

குப்புறப் படுப்பது சொல்லவே வேண்டாம். மல்லாந்து படுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐந்தாம் மாத வாக்கிலிருந்து, மல்லாந்து நீண்ட நேரம் படுத்தால், பெரிதாகிவரும் கர்ப்பப்பை முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். கீழ் உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். தலைசுற்றல், குமட்டல் வரலாம், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையலாம். தலையையும் காலையும் ஒன்றாகத் தூக்கும் பயிற்சிகளில் இன்னொரு பிரச்சினை. வயிற்றின் நடுக்கோட்டில் இருபக்கத் தசைகளும் கர்ப்ப காலத்தில் இயல்பாகவே விலகிக்கொடுக்கும். அந்த நேரத்தில் வயிற்றை இறுக்கி எழுந்தால், நடுவில் கூரை முகடு மாதிரி ஒரு மேடு தெரியும். தசையால் தாங்க முடியவில்லை என்பதற்கான அடையாளம் அது.

மூட்டுகள் இன்னொரு விஷயம். பிரசவத்துக்கு இடுப்பைத் தயார்செய்ய உடம்பு சுரக்கும் ஹார்மோன்களால் இணைப்புத் திசுக்கள் தளர்கின்றன. வழக்கத்தைவிட அதிகமாக வளைய முடியும்போல இருக்கும். ஆஹா, பிலாட்டீஸ் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டு எல்லை வரை இழுத்தால் வலியில்தான் முடியும்.

அந்தக் காலத்து டாக்டர்கள்

இதை எல்லாம் ஜோசஃப் யோசிக்காததற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. கர்ப்ப காலத்துக்கென்று தனிப் பயிற்சி யோசித்தவர்கள் வேறு பக்கத்தில் இருந்தார்கள். இங்கிலாந்தில் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற மருத்துவர், பயம்தான் பிரசவ வலியைக் கூட்டுகிறது என்று 1933-ல் புத்தகம் எழுதி, மூச்சும் தளர்வும் பழக வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் ஆர்னால்ட் கீகல் என்ற மகளிர் மருத்துவர் 1948-ல், சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று எழுதினார். இன்று டாக்டர்கள் சொல்லும் ‘கீகல்’ அவர் பெயர்தான். இன்றைய கர்ப்பகால பிலாட்டீஸ் வகுப்பில் மூச்சும் இடுப்புத்தளமும் பாதி நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஜோசஃபின் பாரம்பரியத்தோடு இவர்களுடையதும் அதில் சத்தமில்லாமல் கலந்திருக்கிறது.

மருத்துவ உலகமும் மெதுவாகத்தான் மாறியது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 1985-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கர்ப்பிணியின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாது, கடினமான பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருந்தது. 1994-ல் அந்த வரம்பைக் கைவிட்டார்கள். இன்று அதே அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும், சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் வாரத்துக்கு 150 நிமிடங்கள் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கின்றன. கர்ப்பத்துக்கு ஏற்ப மாற்றப்பட்ட பிலாட்டீஸ், அமெரிக்க அமைப்பின் பாதுகாப்பான பயிற்சிகள் பட்டியலிலேயே இருக்கிறது. ‘மாற்றப்பட்ட’ என்ற அந்த ஒரு சொல்தான் கவனிக்க வேண்டியது.

உயில் இல்லை, வாரிசு இல்லை

1966-ல் எட்டாவது அவென்யூ கட்டிடத்தில் தீப்பிடித்தது. அடுத்த வருடம், 1967 அக்டோபர் 9 அன்று, நுரையீரல் நோயான எம்ஃபிசீமாவால் ஜோசஃப் இறந்தார். வயது 83. மூச்சை முழுதாக இழுத்து முழுதாக விடுங்கள் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனிதருக்கு நுரையீரல்தான் காலை வாரியது.

இவர்தான் என் வாரிசு என்று அவர் யாரையும் கைகாட்டிவிட்டுப் போகவில்லை. கிளாரா ஸ்டுடியோவைத் தொடர்ந்து நடத்தினார். பிறகு அவர்களின் மாணவி ரொமானா கிரிஸனாவ்ஸ்கா பொறுப்பேற்றார். கிளாரா 1977-ல் காலமானார். இதற்கிடையே ரான் ஃபிளெட்சர் என்ற மாணவர் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஸ்டுடியோ திறக்க, ஹாலிவுட் நட்சத்திரங்கள் வந்தார்கள். அப்புறம் என்ன, உலகம் முழுக்கப் பரவியது.

பணம் வந்ததும் சண்டையும் வந்தது. பிலாட்டீஸ் என்ற சொல் எங்கள் டிரேட்மார்க், மற்றவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு தரப்பு வழக்கு மேல் வழக்காகப் போட்டது. 2000 அக்டோபரில் நியூயார்க் மன்ஹாட்டனில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யோகா, கராத்தே மாதிரி பிலாட்டீஸும் ஒரு பயிற்சி முறையின் பொதுப் பெயர்தான், யாருக்கும் தனிச் சொந்தம் இல்லை. டிரேட்மார்க் ரத்து.

நல்ல தீர்ப்புதான். இதனால்தான் வீட்டுக்குப் பக்கத்திலேயே வகுப்பு கிடைக்கிறது. மறுபக்கம், இரண்டு வருடம் படித்த டீச்சரும் வார இறுதி சர்டிஃபிகேட் வாங்கியவரும் ஒரே பெயரைப் பலகையில் எழுதலாம். சாதாரண ஆளுக்கு இதில் போவது கொஞ்சம் காசுதான். கர்ப்பிணிக்கு அப்படி இல்லை.

அப்போ, செய்யலாமா?

செய்யலாம். மகப்பேறு மருத்துவரிடம் கேட்ட பிறகு. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்திருப்பது, கர்ப்பப்பை வாயில் தையல், கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம், கடுமையான ரத்தசோகை, இதயம் அல்லது நுரையீரல் பிரச்சினை, குறைமாதப் பிரசவத்துக்கான அறிகுறி இருந்தால் டாக்டர் வேண்டாம் என்றோ கொஞ்சம் பொறுங்கள் என்றோ சொல்லலாம். அவை இல்லாதவர்களுக்கு உட்கார்ந்து, பக்கவாட்டில் படுத்து, கை முட்டி ஊன்றி, சுவரில் சாய்ந்து செய்யும் பயிற்சிகள் நிறைய இருக்கின்றன. பலன் என்ன என்றால், கர்ப்பகால முதுகு, இடுப்பு வலியைக் குறைக்கிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. பிலாட்டீஸ் செய்தால் சுகப்பிரசவம் கேரண்டி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படிச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

வகுப்பில் சேரும் முன் டீச்சரிடம் கர்ப்பகாலப் பயிற்சிக்கென்று தனியாகப் படித்திருக்கிறாரா என்று கேளுங்கள். நல்ல டீச்சர் என்றால் நீங்கள் கேட்கும் முன் அவரே எத்தனையாவது வாரம், டாக்டர் என்ன சொன்னார், முந்தைய பிரசவம் எப்படி என்று விசாரித்திருப்பார். எல்லோரோடும் சேர்த்து உங்களையும் மல்லாக்கப் படுக்கவைத்து ‘ஹண்ட்ரட்’ செய்யச் சொன்னால், வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

செய்யும்போது மூச்சை அடக்கக் கூடாது. பலம் கொடுக்கும் நேரத்தில் மூச்சை வெளியே விட வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். ரத்தக் கசிவு, பனிக்குட நீர் கசிவு, நெஞ்சு வலி, தலைசுற்றல், கடும் தலைவலி, ஒரு பக்கக் கெண்டைக்கால் வலியோ வீக்கமோ, விட்டு விட்டு வரும் வயிற்று இறுக்கம், பயிற்சி தொடங்கும் முன்பே மூச்சு வாங்குவது என இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள். பாதி வகுப்பில் எழுந்து போகிறோமே என்று கூச்சப்பட வேண்டியதில்லை.